2218-ஆம் எண் மணப்பெண்

ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வஸீலா அந்த வருடத்துக்கான, ஜெரேனிய இலையில் வடிக்கும் பன்னீரை இறக்கி முடித்திருந்தாள். செம்புப் பானை முற்றத்தில் ஆறிக்கொண்டிருந்தது. பாட்டில்களுக்கு மூடி போடுவது லஸ்ஸாதின் வேலை. அவன் ஒவ்வொரு மூடியையும் விரல்முட்டி வெளுக்கத் திருகினான்.

“இப்பிடித் திருகி வெச்சா, காப்பில ரெண்டு சொட்டு விடறதுக்கு நான் பக்கத்து வீட்டு ஆம்பளையக் கூப்பிடணும்,” என்றாள் வஸீலா.

“கூப்பிடேன். அவனுக்கு மூட்டுவலி.”

“இது என்ன உன் ஆஸ்பத்திரி ஜாடியா? பன்னீருய்யா இது. யாரோட பித்தப்பையும் உள்ள இல்ல.”

அவன் சிரித்துக்கொண்டே அடுத்த மூடியையும் அதே மாதிரி இறுக்கினான். இருபத்திரண்டு வருடமாக நோய்க்கூறு ஆய்வகத்தில் ஜாடிகளை மூடிக்கொண்டிருக்கிற கை. ஒழுகுகிற ஜாடியைப் போல அவனுக்குப் பிடிக்காதது உலகத்தில் வேறொன்றும் இல்லை.

வஸீலா கடைசி பாட்டிலை மேல் தட்டில் வைக்க எட்டினாள். பாட்டிலை வைத்துவிட்டாள். ஆனால் தூக்கிய கை இறங்கவில்லை. மற்றக் கையால் அக்குளுக்குப் பக்கத்தில் தடவிப் பார்த்தாள்.

“லஸ்ஸாத், இங்க ஒரு பாதாம் இருக்கு,” என்றாள், சமையலறைத் தரையில் ஒன்று கிடந்ததைச் சொல்வது போல.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் எதுவும் சாதாரணமாக நடக்கவில்லை.

அறுவை சிகிச்சை நடந்த அன்று லஸ்ஸாத் மற்றக் கணவர்களைப் போல வராந்தாவில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டவில்லை. அன்று காலை தன் கையால் கலக்கிய, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலினை ஒரு ஜாடியில் எடுத்துக்கொண்டு தியேட்டர் வாசலில் நின்றான். கதவு திறந்து தாதி நீட்டியதை வாங்கினான். ஃபார்மலின் உள்ளே இறங்க வேண்டும் என்பதற்காக ரொட்டி அறுப்பது போலப் பட்டை பட்டையாக வகுந்து, அதில் மூழ்க விட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டான். பத்து நாற்பது. மறுநாள் பத்து நாற்பதுக்கு எடுத்தான். அந்தச் சதையில் ஒரு துண்டு மெழுகில் பொதிந்து கட்டியானது. வரவேற்பு மேசையில் இருந்த மப்ரூக்கா பதிவேட்டில் எண் போட்டாள்: 2218. பெயர் எழுதும்போது அவள் பேனா நின்றது. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு பெயரை எழுதி முடித்தாள்.

சோதனை இதுதான். மெழுகுக் கட்டியிலிருந்து, ஊதினால் பறக்கிற மாதிரி மெல்லிய சீவல் ஒன்றைச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்ட வேண்டும். மரபணுவைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் இரண்டு ஒளிரும் சாயங்களை அதன்மேல் விட வேண்டும். இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு உயிரணுவும் ஒரு நீல வட்டம். அதற்குள் பச்சைப் புள்ளி இரண்டு, சிவப்புப் புள்ளி இரண்டு. பச்சை, சோதனை ஒழுங்காக நடந்தது என்பதற்குச் சாட்சி. சிவப்புதான் வழக்கு; அதைப் பச்சையால் வகுத்துத்தான் தீர்ப்பு. சிவப்பு பெருகியிருந்தால் அதற்கென்று ஓர் ஊசி மருந்து இருக்கிறது. சிவப்பு பெருகவில்லை என்று தாளில் எழுதியிருந்தால் காப்பீட்டு நிதி அந்த மருந்தைக் கண்ணில் காட்டாது.

வஸீலாவின் தகட்டில் பச்சை இரண்டு. சிவப்பு எண்ண முடியாதபடி கொத்துக் கொத்தாக. எண்ணியது லஸ்ஸாத்தான். கணவன் எண்ணக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. இப்படியும் ஒருவனுக்கு வரும் என்று விதி எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

அந்தப் புள்ளிகள் அவளுக்கு மூன்று வருடமும் இரண்டு மாதமும் வாங்கிக் கொடுத்தன. அதற்குள் மகள் ஸல்ஸபீலுக்குக் கல்யாணம் நடந்தது. சமையலறைக்கு நீல ஓடு பதித்தார்கள். மூன்று தடவை பன்னீர் இறக்கினாள். நாலாவது ஏப்ரலில் செம்புப் பானையைப் பரணிலிருந்து யாரும் எடுக்கவில்லை.

அவளை அடக்கம் செய்த ஏழாம் நாள் லஸ்ஸாத் வேலைக்குத் திரும்பினான். ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் ஆண்கள் துக்கத்தை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து வேலைக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். கிரெம்தா சாலை ஆறாம் கிலோமீட்டரிலிருந்து ஆஸ்பத்திரி வரை அவனும் அப்படித்தான் கூட்டிப் போனான்.

அவன் இல்லாத அந்த ஒரு வாரத்தில்தான் பேராசிரியர் ஷாத்லி மணப்பெண்ணைக் கண்டுபிடித்திருந்தார்.

ஷாத்லி துறைத் தலைவர். அவருடைய வெள்ளைக் கோட்டு ஒருநாளும் கறைபட்டதில்லை. காரணம், பதினோரு வருடமாக அவர் எந்த ஜாடியையும் தொட்டதில்லை. “நான் ஒளியோட வேலை செய்யறவன்,” என்பார். அந்த ஒளியில் அவருக்கு இருந்த ஒரே கவலை உணர்திறன். சோதனைகளில் நாலில் ஒன்று ஒன்றுமே தெரியாமல் இருட்டடித்தது. சாயத்தின் உணர்திறன் போதாது, அதைக் கூட்டினால் எல்லாம் தெரியும் என்பது அவருடைய முடிவு. கூட்டினால் கூட்டியதைக் காட்ட வேண்டுமே? அதற்கு நல்லதொரு தகடு வேண்டும். அவர் பழைய பெட்டிகளைக் கிளறி 2218-ஐ எடுத்துப் பார்த்துவிட்டு, இருட்டறையிலிருந்து கத்தினாராம்: “எல்லாரும் வாங்க! மணப்பொண்ணு உக்காந்திருக்கா!”

உண்மைதான், சரிகை மின்ன மேடையில் உட்கார்ந்த மணப்பெண் மாதிரித்தான் இருந்தது. பெயரும் நின்றுவிட்டது.

லஸ்ஸாத் திரும்பி வந்த திங்கட்கிழமை, பேராசிரியர் அவன் தோளில் கைவைத்து, “அல்லா உங்களுக்குப் பொறுமையத் தரட்டும், சி லஸ்ஸாத்,” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டு, மரியாதைக்கு ஒரு ‘சி’யும் போட்டுத்தான் சொன்னார். உடனே, “அந்த மணப்பொண்ண ஒரு பத்து சீவல் சீவுங்க. நீங்க சீவுனாதான் அழகா வரும்,” என்றார்.

“யாரு மணப்பொண்ணு?”

“2218. உங்களுக்குத் தெரியாதா? நம்ம ஆய்வகத்துலயே அழகி அவதான்.”

லஸ்ஸாத் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கண்ணாடிகளை மறுபடியும் கழுவினான். முதல் நாள் சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் வாரம் சொன்னால், ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்பார்கள். இரண்டாம் வருடம் சொன்னால் அது புகார் ஆகிவிடும். இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவன் தனக்குள்ளும் சத்தமாகச் சொல்லிக்கொண்டதில்லை. மாதம் ஒரு தடவை ஐந்தாறு பேர் இருட்டறையில் நெருக்கியடித்து நின்று அவளைப் பார்த்து, “அடேயப்பா,” என்றார்கள். வேறு எந்த வீட்டில், செத்துப்போன மனைவியைப் பார்த்து மாதா மாதம் அடேயப்பா என்கிறார்கள்?

முதல் வருடம் புது விளக்கு வந்தது. மணப்பெண்ணில் பார்த்தார்கள், உணர்திறன் இரண்டு மடங்கு. இரண்டாம் வருடம் புது கேமரா. மணப்பெண்ணில் பார்த்தார்கள், ஐந்து மடங்கு. மூன்றாம் வருடம் சாயத்தின்மேல் சாயம் ஏற்றுகிற முறை, ஒரு விளக்கில் பத்து விளக்கைத் தொங்கவிடுவது மாதிரி. மணப்பெண்ணில் பார்த்தார்கள், பன்னிரண்டு மடங்கு. பேராசிரியரின் அறையில் ஒரு வரைபடம் மேலே மேலே ஏறிக் கூரையை நெருங்கிக்கொண்டிருந்தது. நோயாளிகளின் தகடுகளில் நாலில் ஒன்று முன்போலவே இருட்டாக இருந்தது. ஆனால் அவற்றுக்கு யாரும் வரைபடம் போடவில்லை.

நாலில் ஒன்று ஏன் இருட்டடிக்கிறது என்று லஸ்ஸாதுக்கும் தெரியும், மப்ரூக்காவுக்கும் தெரியும். கோளாறு மைக்ராஸ்கோப்பின் முனையில் இல்லை. ஜாடியின் முனையில் இருந்தது. தனியார் கிளினிக்குகள் சதையை நோயாளியின் வீட்டார் கையிலேயே கொடுத்தனுப்பும். அது ஹரிஸ்ஸா மிளகாய் விழுது டப்பாவில் வரும், தயிர் வாளியில் வரும். ஃபார்மலின் ஒரு விரல்கடை இருக்கும், மேலே சதை வறண்டு கிடக்கும். பெருநாளுக்கு முந்திய நாள் எடுத்தது பெருநாள் விருந்தெல்லாம் முடிந்த பிறகு வரும். “ஜாடியில் எதையும் ஊற்றாதீர்கள், எதையும் கொட்டாதீர்கள், அன்றைக்கே கொண்டு வாருங்கள்” என்று மூன்று வரி அச்சடித்துக் கிளினிக்குகளுக்குக் கொடுக்கலாம் என்று லஸ்ஸாத் மூன்று தடவை எழுதிக் கொடுத்தான். மூன்று தடவையும் பேராசிரியர், “இது ஆய்வகம், மளிகைக்கடை இல்ல,” என்று திருப்பிவிட்டார்.

அதற்குப் பதிலாகத் தரச்சான்றிதழ் வாங்குகிற முயற்சியில், ஒரு விதியைக் கையெழுத்துப் போட்டுச் சட்டமடித்து இருட்டறை வாசலில் மாட்டினார்: ஒப்பீட்டுத் தகடு 2218 உடன் வைக்கப்படாத எந்தச் சோதனையின் முடிவும் செல்லாது.

ஆக ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு சீவல். மெழுகுக் கட்டி என்பது சோப்புக் கட்டி மாதிரி. ஐந்தாம் வருடம் பிப்ரவரியில் கத்தி வெறும் மெழுகைச் சீவியது. சீவிவைத்த தகடுகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. ஜூனில் அவை மூன்றாகிவிட்டன.

ஜூனில்தான் நாற்பது மடங்கு வந்தது. நாற்பது மடங்கு என்பது ஒரு பெட்டி. உள்ளே புது வகைச் சாயங்களும், புள்ளிகளைத் தானே எண்ணிக்கொள்கிற கணினி நிரலும் இருந்தன. அதே வாரத் திங்கட்கிழமையில், கெர்க்கெனா தீவிலிருந்து முதல் படகில் கமைஸ் என்ற மீனவர் ஆலிவ் ஊறுகாய் ஜாடி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். உள்ளே இருந்தது அவர் மனைவி ஸோஹ்ராவின் கட்டி.

மப்ரூக்கா மூடியைத் திறந்தாள். மூக்கைச் சுருக்கப் போனவள், சுருக்காமல் ஆழமாக இழுத்துப் பார்த்தாள்.

“இது எந்தக் கிளினிக்ல எடுத்தது? பக்லாவாக் கடையிலயா?”

“இல்ல லல்லா. இங்க டவுன்லதான். வெள்ளிக்கிழம மத்தியானம் எடுத்தாங்க. பெரிய ஆஸ்பத்திரில குடுத்துடுன்னாங்க. வந்தேன், பூட்டியிருந்துச்சு.”

“கோடைகாலம்யா. மத்தியானத்தோட மூடிருவோம்.”

“அதான் வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். வீட்டுல பேரனுக்கு சுன்னத்து. நூறு பேரு விருந்தாளி. அந்த மருந்து நாத்தம் தாங்கல. எங்கம்மா அதக் கீழ ஊத்திட்டு ஜெரேனியப் பன்னீர ஊத்திட்டா.” அவர் பெருமையாகவே சொன்னார். “மூணு பாட்டிலு. கலப்படமே கிடையாது, சொந்தச் சரக்கு.”

மப்ரூக்கா திரும்பி லஸ்ஸாதைப் பார்த்தாள். “சி லஸ்ஸாத், வா. உனக்குப் பிடிச்ச வாசன.”

லஸ்ஸாத் வந்தான். மூடியைக் கையில் எடுத்து முகர்ந்தான். அவன் கண்ணுக்குள், மேல் தட்டுக்கு எட்டிய ஒரு கை இறங்காமல் நின்றது.

“எப்ப ஊத்துனாங்க?”

“வெள்ளிக்கிழம சாயங்காலமே. ஏன் சி லஸ்ஸாத், தப்பா? அம்மா கெட்டெண்ணத்துல பண்ணல. ‘என் மருமகளோட சதை, நாத்தத்துல கிடக்கக் கூடாது’ன்னா. அவ்வளவுதான்.”

அந்தக் கிழவியைத் திட்ட லஸ்ஸாதுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. இரண்டரை நாள் வெறும் வாசனைத் தண்ணீரில், ஜூன் வெயிலில் கிடந்த சதை. அதை எடுத்து ஃபார்மலினில் போட்டான், நடந்துபோன திருமணத்துக்கு அழைப்பிதழ் கொடுப்பது மாதிரி. பதிவேட்டில், “பன்னீரில் இரண்டரை நாள்” என்று எழுதினான். சாயங்காலம் கையெழுத்துப் போடும்போது பேராசிரியர் அந்த வரியை அடித்தார். “பதிவேட்டுல சமையல் குறிப்பு எதுக்கு?”

வியாழக்கிழமை நாற்பது மடங்கின் வெள்ளோட்டம். இடதுபக்கம் மணப்பெண், வலதுபக்கம் ஸோஹ்ரா. மூன்றில் ஒரு தகடு இதற்குப் போயிற்று. மணப்பெண்ணைத் திரையில் போட்டதும் இருட்டறையே சிவந்துவிட்டது. நிரல் எண்ணியது: பச்சை இரண்டு, சிவப்பு பதினெட்டு. பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஸோஹ்ரா. பாசிபடிந்த குளத்து நீர் மாதிரி ஒரு மங்கல். அதற்குள் கரைந்துபோன நீல நிழல்கள். சாயத்தை நாற்பது மடங்கு ஏற்றியதால் மங்கலும் நாற்பது மடங்காகியிருந்தது. பச்சை பூஜ்யம். சிவப்பு பூஜ்யம். நிரல் சற்று யோசித்துவிட்டு எழுதியது: பெருக்கம் இல்லை. நெகட்டிவ்.

“ப்ரொபஸர்,” என்றான் லஸ்ஸாத், “பூஜ்யத்த பூஜ்யத்தால வகுத்தா என்ன வரும்?”

“நெகட்டிவ். எழுதியிருக்கு பாருங்க.”

“பச்சையும் இல்லையே.”

“பச்சைக்கு யாரும் மருந்து குடுக்கறதில்ல.”

“உசுரோட இருந்த எந்த உயிரணுவுலயும் சிவப்பு ரெண்டாவது இருக்கணும் ப்ரொபஸர். ஒண்ணுகூட இல்லன்னா அந்தம்மா பொறக்கவே இல்லன்னு அர்த்தம். அவங்க புருஷன் வெளிய நிக்கறாரு. நாலு பிள்ள பெத்திருக்காங்க.”

“இங்க பாருங்க சி லஸ்ஸாத்.” பேராசிரியர் பொறுமையாகவே சொன்னார், சந்தோஷமாக இருக்கிறவர்களுக்குப் பொறுமை அதிகம். “போன வருஷம் ஒண்ணும் தெரியலன்னா, சந்தேகப்பட்டிருக்கலாம். ஒருவேள நம்ம கண்ணுக்குத் தட்டுப்படலையோன்னு. இப்ப நாப்பது மடங்கு. நாப்பது மடங்குலயும் தெரியலன்னா அங்க ஒண்ணும் இல்ல. இனிமே சந்தேகத்துக்கே வழியில்ல. உணர்திறன்னா அதான்.”

அன்றே ஆய்வகத்தைப் பார்க்க வந்த விருந்தினர்களிடம் இரண்டாவது தகட்டை எரியும் விளக்கின் கீழ் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் பேசினார். ஒளிரும் சாயம் ஒளி பட்டால் வெளுத்துப்போகும். ஒளியோடு வேலை செய்கிறவருக்கு அது நினைவு வரவில்லை. பேச்சு முடியும்போது மணப்பெண்ணில் ஒரு புள்ளியும் மிச்சமில்லை. மீதி ஒரே ஒரு தகடு. அதை ஒரு கறுப்புப் பெட்டியில் வைத்து, “ஹம்மாமெத் மாநாடு. தொடாதே” என்று தன் கையால் எழுதி ஒட்டிவிட்டு, மாநாட்டு வேலையாகத் தலைநகருக்குப் போனார்.

ஸோஹ்ராவின் முடிவுத் தாளில் இரண்டாவது கையெழுத்து டாக்டர் இப்திஸாமுடையது. துறையில் இளையவள், அதிகம் பேசமாட்டாள். தாளை இரண்டு முறை படித்தாள்.

“பச்சை எங்க, சி லஸ்ஸாத்?”

“பன்னீர்ல கரைஞ்சு போச்சு டாக்டர்.”

அவள் பேனாவை மூடினாள். “அந்தம்மாவுக்குக் கழுத்தெலும்புக்கு மேல ஒரு நெறி கட்டியிருக்குன்னு குறிப்புல இருக்கு. ஊசியில கொஞ்சம் எடுத்துடலாம். சோதனைய நீங்க செய்வீங்களா?”

“செய்வேன்.”

“ஒப்பீட்டுக்கு?”

இருட்டறை வாசலில் சட்டத்துக்குள் இருந்த விதியை இருவரும் பார்த்தார்கள். ஒப்பீட்டுத் தகடு இல்லாத முடிவைக் காப்பீட்டு நிதி மூக்கால் முகர்ந்துவிட்டுத் திருப்பி அனுப்பும். இருந்தது ஒரு தகடு.

செவ்வாய்க்கிழமை காலை அவன் ஃபார்மலின் கலக்கி எடுத்துக்கொண்டு ஊசியில் சதை எடுக்கும் அறைக்கு நடந்தான். ஸோஹ்ரா கட்டிலில் சாய்ந்திருந்தாள்; வெயிலில் காய்ந்த, அகலமான முகம்.

“நீங்கதானா அந்த ஜாடிக்காரரு?” என்றாள். “என் சதைய மூணு பாட்டிலு பன்னீர்ல போட்டாங்களாமே. முப்பது வருஷமா அந்த வீட்டுல காப்பி குடிக்கறேன், என் மாமியா எனக்கு மூணு சொட்டுக்கு மேல விட்டதில்ல.”

“இந்தத் தடவ மூடிய நான் போடறேன் அம்மா,” என்றான்.

“இதுலயாச்சும் தெரியுமா?”

“நல்லதோ கெட்டதோ, உள்ளது தெரியும்.”

“அது போதும். போன தடவ ஒண்ணும் இல்லன்னாங்க. ஒண்ணும் இல்லாமயா இப்பிடி வலிக்குது?”

மறுநாள் இப்திஸாம் அந்த ஜாடியோடு மல்லாடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வராந்தாவில் எட்டிப் பார்த்தாள். “யாரு இத இப்பிடித் திருகுனது? மனுஷங்க திறக்க வேணாமா?” லஸ்ஸாத் போய்த் திறந்து கொடுத்தான்.

அதற்கும் மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கறுப்புப் பெட்டியை எடுத்தான். “தொடாதே” என்ற ஒட்டுத்தாள் சரியாக ஒட்டாமல் இருந்தது, லேசாக உரிந்து வந்தது. தகட்டை வெளிச்சத்தில் பிடித்தான். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் ஈரவிரல் பட்ட மாதிரி ஒரு மங்கல், நகத்தளவு. வேலை செய்தால் இதுவும் தீர்ந்தது. வைத்திருந்தால் ஹம்மாமெத்தில் ஒரு மேடையில் நூறு பேர் அடேயப்பா என்பார்கள். பிறகு அதுவும் விளக்கின் கீழ் வெளுக்கும். மூன்று வருடமும் இரண்டு மாதமும் என்று நினைத்தான். பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டுச் சாயத்தை எடுத்தான். பெட்டியில் வந்த நாற்பது மடங்கை எடுக்கவில்லை. பழைய சாயம்.

வெள்ளிக்கிழமை காலை இருட்டறையில் முதலில் அவளைப் பார்த்தான். எல்லோரும் சுற்றி நிற்காமல் தனியாகப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. பச்சை இரண்டு. சிவப்பு, பழையபடி, எண்ண முடியாமல். அவசரப்படாமல் பார்த்தான். பிறகு ஸோஹ்ராவை வைத்தான்.

பச்சை இரண்டு. பக்கத்து உயிரணுவிலும் பச்சை இரண்டு. நடுவில் மாதுளை உடைந்த மாதிரி சிவப்பு.

இருபது உயிரணு எண்ணினால் போதும். லஸ்ஸாத் நாற்பது எண்ணினான். இப்திஸாம் வந்து தானும் எண்ணி, இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகு கையெழுத்துப் போட்டாள். நெகட்டிவ் தாளின்மேல் புதுத் தாள் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் ஸோஹ்ராவுக்கு முதல் ஊசி போட்டார்கள்.

திங்கட்கிழமை பேராசிரியர் காலிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தா முழுக்கக் கேட்கிற குரலில் வந்தார்.

“யாரு தொட்டது? தொடாதேன்னு எழுதலையா? அரபி படிக்கத் தெரியாதா உங்களுக்கு?”

“நான்தான் ப்ரொபஸர்,” என்றான் லஸ்ஸாத். “ஒரு சோதனை இருந்துச்சு. விதிப்படி 2218 இல்லாம முடிவு செல்லாது.” சட்டத்தைக் காட்டினான். “உங்க கையெழுத்து.”

“விதி, சான்றிதழ் குடுக்க வர்றவங்க பாக்கறதுக்குய்யா! அத எடுத்து யாராவது சோதனை பண்ணுவாங்களா? அதுவும் கடைசித் தகட்ட! மணப்பொண்ண ஒரு மீன்காரிக்காகக் காலி பண்ணியிருக்கீங்க. அவ எவ்வளவு அபூர்வமானவன்னு தெரியுமா உங்களுக்கு?”

மப்ரூக்கா பதிவேட்டை எடுத்து வந்தாள். எட்டு வருடத்துக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து பேராசிரியரின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

“பேரப் படிங்க சி ஷாத்லி. அரபிலதான் எழுதியிருக்கு.”

அவர் படித்தார். பெயரைப் படித்தார், கணவர் பெயரைப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அவர் முகம் வெளுத்ததை எல்லோரும் பார்த்தார்கள். அந்த மனிதருக்கும் உள்ளே எங்கோ ஒரு சாயம் போய் ஒட்டிக்கொண்டது என்றுதான் அந்த நிமிடம் லஸ்ஸாத் நினைத்தான். பேராசிரியர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே, சி லஸ்ஸாத்,” என்றார் தழுதழுத்து. “கட்டுரையில நன்றின்னு போட்டு அவங்க பேரையும் போட்டிருப்பேனே.”

மப்ரூக்கா பதிவேட்டைப் படாரென்று மூடினாள்.

ஹம்மாமெத் மாநாடு நடக்கத்தான் செய்தது. பேராசிரியர் பழைய புகைப்படம் ஒன்றையே கொஞ்சம் வெளிச்சம் கூட்டிப் போட்டார். உணர்திறனை நாற்பது மடங்கு கூட்டியதற்காக இரண்டாம் பரிசாக ஓர் ஆலிவ் மரக் கிண்ணம் கிடைத்தது. ஸோஹ்ரா அடுத்த வசந்தத்தில் படகேறி வந்து மப்ரூக்காவிடம் மூன்று பாட்டில் பன்னீர் கொடுத்துவிட்டுப் போனாள், மாமியார் அனுப்பியதாம். கிளினிக்குகளிலிருந்து ஜாடிகள் இப்போதும் வருகின்றன. போன வாரம் ஒன்று தேன் டப்பாவில் வந்தது.

ஒப்பீட்டுக்கு இப்போது வேறொரு மெழுகுக் கட்டி இருக்கிறது. அதன் எண் வேறு. ஆனால் வாசலில் மாட்டிய விதியைத் திருத்தத் தரக்குழு கூட வேண்டும். குழு கூட ஐந்து பேர் வேண்டும். ஐந்தாமவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். லஸ்ஸாத் காலையில் இருட்டறைக்குள் நுழையும்போது அது அதே ஆணியில் தொங்குகிறது: ஒப்பீட்டுத் தகடு 2218 உடன் வைக்கப்படாத எந்தச் சோதனையின் முடிவும் செல்லாது.